கருவில் தவறிய கட்டளை

பச்சிளங் குழந்தை அழும்போது அதன் கவட்டின் ஒரு புறத்திலே சிறு வீக்கம் ஒன்று தோன்றுகிறது. அழுகை அடங்கினால் வீக்கமும் அடங்கிவிடுகிறது. குழந்தையைக் குளிப்பாட்டும் தாயின் கண்ணிலேதான் இது பெரும்பாலும் முதலிற் படும். வைத்தியரிடம் காட்டினால், இது குடலிறக்கம் என்றும், சிறிய சத்திரசிகிச்சை ஒன்றினால் முற்றாக நீக்கிவிடலாம் என்றும் அவர் கூறுவார். நிறைமாதத்திற் பிறக்கும் குழந்தைகளுள் நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து வரையானவற்றுக்கு இந்தக் கோளாறு உண்டு. குறைமாதத்திற் பிறந்தவற்றுள் இத்தொகை இன்னும் அதிகம். பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளிடமே இது பன்மடங்கு மிகுதி. குழந்தைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்யும் வைத்தியருக்கு இதனிலும் பழக்கமான வேலை வேறொன்று இல்லை எனலாம்.

அத்தகைய பழக்கமான வேலையின் நடுவே, மிக அரிதாக, சத்திரவைத்தியரின் கை திகைத்து நின்றுவிடுவதுண்டு. குடலிறக்கப் பையைத் திறந்தால் உள்ளே குடலின் மடிப்பொன்று இருக்கலாம். அன்றி ஒன்றுமே இல்லாதிருக்கலாம். இவையே எதிர்பார்க்கப்படுவன. அவற்றுக்குப் பதிலாக, விதையோடு ஒட்டியபடி, சுண்டுவிரல் அளவான தசைத்துண்டு ஒன்றும் அதனோடு இணைந்த மெல்லிய குழாயும் அப்பையினுள்ளே காணப்படுகின்றன. கூர்ந்து நோக்கினால் அத்தசைத்துண்டு கருப்பை; அக்குழாய் கருக்குழாய். பெண்ணின் வயிற்றிலே இருக்க வேண்டியவை ஓர் ஆண் குழந்தையின் உடலிலே இருக்கின்றன.

வெளியே காத்திருக்கும் தாய் தந்தையருக்கு இச்செய்தி சொல்லப்படும்போது அவர்கள் நெஞ்சில் எழும் கேள்வி ஒன்றே: “அப்படியாயின், எங்கள் பிள்ளை ஆணா, பெண்ணா?” இக்கேள்விக்கு நேரான விடை உண்டு. இந்நிலையிலுள்ள பிள்ளை ஆண்பிள்ளையே. அவன் பிறப்பிலே தவறு நேர்ந்தது என்பதிலும், கருவில் அவன் உடலுக்குப் போய்ச் சேர வேண்டிய ஒரேயொரு கட்டளை போய்ச் சேரவில்லை என்பதே பொருத்தம். அக்கட்டளை யாது, அது தவறுவது எவ்வாறு, தவறியபின் செய்யத்தக்கது யாது என்பவற்றை அறிந்துகொண்டால், அச்சத்திற் பெரும்பகுதி தானே அகன்றுவிடும்.

முதலிற் குடலிறக்கம் தோன்றும் விதத்தை நோக்குவோர்க்கு, ஆண் உடலின் விந்தையான பயணம் ஒன்று புலப்படும். விதைகள் தொடக்கத்தில் விதைப்பையிலே உண்டாவதில்லை. வயிற்றின் உட்புறத்தே, சிறுநீரகங்களுக்கு அண்மையில் அவை தோன்றுகின்றன. அங்கிருந்து படிப்படியாகக் கீழிறங்கி, கருவின் ஏழாம் மாதமளவிலே கவட்டுக் கால்வாயினூடே வெளிவந்து விதைப்பையை அடைகின்றன. உடலின் உள் வெப்பத்தைவிட இரண்டு முதல் நான்கு பாகை வரை குளிர்ந்திருக்கும் அந்தப் பையிலேதான் பிற்காலத்தில் விந்தணுக்கள் செவ்வனே விளையும். இப்பயணத்தில் விதைக்கு வழிகாட்டும் நாண் ஒன்றை ஸ்கொட்லாந்துச் சத்திரவைத்தியரான ஜோன் ஹண்டர் ஆராய்ந்து, 1762இல் வெளியான தம் விவரணத்திலே அதற்குச் ‘சுக்கான்’ எனப் பொருள்படும் இலத்தீன் பெயரைச் சூட்டினார். தோணியைத் துறை சேர்ப்பது சுக்கான். விதையை அதன் இருப்பிடம் சேர்ப்பது இந்த நாண்.

விதை இறங்கும் வழியிலே, வயிற்றறையை உள்ளே போர்த்திருக்கும் மெல்லிய சவ்வின் ஒரு பகுதியும் விரலுறைபோல நீண்டு அதனுடன் கீழே வருகிறது. விதை தன் இடத்தை அடைந்தபின் இந்த உறையின் வாய் மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிடின் வயிற்றறைக்கும் விதைப்பைக்கும் இடையே ஒரு வாயில் திறந்தே கிடக்கும். அழுகை, இருமல், முக்கல் ஆகியவற்றால் வயிற்றினுள் அமுக்கம் கூடும்போது, அவ்வாயிலூடே குடல் வெளியே தள்ளப்படும். அதுவே குடலிறக்கம். சில ஆண் குழந்தைகளிலே விதையே முற்றாக இறங்காது, வயிற்றினுள்ளோ கவட்டிலோ தங்கிவிடுவதும் உண்டு. நிறைமாதத்திற் பிறந்த ஆண் குழந்தைகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்றில் இக்குறை காணப்படும். சில மாதங்களுக்குள் அவற்றுட் பலவற்றின் விதைகள் தாமாக இறங்கிவிட, நூற்றுக்கு ஒன்றே எஞ்சும்.

இனி, கருப்பை எவ்வாறு ஓர் ஆண் உடலிலே இடம்பெற்றது என்பதைக் காண்போம் எனின், இன்னும் முன்னே, கருவின் ஆறாம் ஏழாம் வாரங்களுக்குச் செல்லுதல் வேண்டும். அப்பருவத்திலே ஆண் கருவுக்கும் பெண் கருவுக்கும் உறுப்பமைப்பில் வேற்றுமை இல்லை. ஒவ்வொரு கருவிலும் இரண்டு சோடிக் குழாய்கள் அருகருகே கிடக்கின்றன. ஒரு சோடி, 1759இல் கருவளர்ச்சி பற்றி ஆராய்ந்த ஜேர்மானியரான கஸ்பார் பிரீட்ரிஷ் வொல்ஃப் என்பார் பெயரால் வொல்ஃப் குழாய்கள் எனப்படும். மற்றைய சோடி, 1830இல் இவ்வுறுப்புக்களின் வளர்ச்சியை விவரித்த ஜொஹான்னஸ் முல்லர் என்னும் ஜேர்மானிய அறிஞரின் பெயரால் முல்லர் குழாய்கள் எனப்படும். வொல்ஃப் குழாய்கள் வளர்ந்தால் விந்தைக் கொண்டுசெல்லும் குழாய்களாகும். முல்லர் குழாய்கள் வளர்ந்தால் கருக்குழாய்களும் கருப்பையும் யோனியின் மேற்பகுதியும் ஆகும். இரு பயிரின் விதையையும் ஒரே பாத்தியில் இட்டாற்போல, இயற்கை ஒவ்வொரு கருவிலும் இரண்டையும் நாட்டிவைத்திருக்கிறது. ஒன்று வளர வேண்டும். மற்றையது அழிய வேண்டும். இதனைத் தீர்மானிப்பது எது?

இவ்வினாவுக்கு விடை கண்டவர் பிரான்சு நாட்டைச் சேர்ந்த அல்பிரட் யோஸ்ட் என்னும் உடலியல் அறிஞர். 1947இல் அவர் வெளியிட்ட ஆராய்ச்சி, இத்துறையின் போக்கையே மாற்றியது. தாய் முயலின் வயிற்றினுள் இருக்கும்போதே ஆண் முயற்கருக்களின் விதைகளை அவர் நுட்பமாக அகற்றினார். பின்னர் அக்கருக்கள் எவ்வாறு வளர்ந்தன என்று நோக்கியபோது, அவை யாவும் பெண் உறுப்பமைப்போடு வளர்ந்திருக்கக் கண்டார். ஆகவே, கட்டளை எதுவும் வராவிடின் உடல் பெண் அமைப்பை நோக்கியே செல்லும். ஆண் அமைப்பு உண்டாவதற்கு விதையிலிருந்து கட்டளை வருதல் வேண்டும் என்பது தெளிவாயிற்று.

யோஸ்ட் அத்துடன் அமையவில்லை. விதை சுரக்கும் தெஸ்தொஸ்தெரோன் என்னும் ஆண்மை ஓமோன் அக்காலத்தில் அறியப்பட்டிருந்தது. அப்பொருளின் சிறு பளிங்கு ஒன்றைக் கருவினுள் வைத்துப் பார்த்தார். வொல்ஃப் குழாய்கள் நன்றாக வளர்ந்தன. ஆனால் முல்லர் குழாய்களோ அழியவில்லை. ஆண் குழாய்களும் பெண் குழாய்களும் ஒருங்கே நிலைத்திருந்தன. இதிலிருந்து அவர் கொண்ட முடிவு நுட்பமானது. விதை ஒரு கட்டளையை அன்று, இரு கட்டளைகளை அனுப்புகிறது. “ஆண் குழாயே, வளர்க” என்பது ஒன்று. அதனை உரைப்பது தெஸ்தொஸ்தெரோன். “பெண் குழாயே, ஒடுங்குக” என்பது மற்றொன்று. அதனை உரைப்பது அன்று வரை அறியப்படாத வேறொரு பொருள்.

யோஸ்டின் ஆராய்ச்சிக்கு நெடுங்காலம் முன்னரே, மாட்டுத்தொழுவத்திலும் இயற்கை இதே பாடத்தைக் கற்பித்துக்கொண்டிருந்தது. பசு ஒன்று இரட்டைக் கன்று ஈன்று, அவற்றுள் ஒன்று நாம்பனாகவும் மற்றொன்று நாகாகவும் இருப்பின், அந்த நாகு பெரும்பாலும் மலடாகவே இருக்கும். பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை அவ்வாறானவை. முன்னர்க் கூறிய ஜோன் ஹண்டரே 1779இல் இத்தகைய மலட்டு நாகுகளை அறுத்தாராய்ந்து எழுதியிருக்கிறார். அமெரிக்க அறிஞரான பிராங் லில்லி, 1916இலும் 1917இலும் இதன் காரணத்தை விளக்கினார். கருவிலே இரு கன்றுகளின் நச்சுக்கொடிகளும் இணைந்து, ஒன்றன் குருதி மற்றொன்றுக்குப் பாய்கிறது. நாம்பனின் விதையிலிருந்து வரும் ஏதோ ஒரு பொருள் நாகின் உறுப்புக்களைக் குலைக்கிறது என்றார் அவர். அண்ணனுக்குச் சொன்ன கட்டளையைத் தங்கையும் கேட்டுவிட்டாள் என்பதே இதன் சுருக்கம். நாகின் கருப்பை குன்றிப்போவதற்குக் காரணமான அப்பொருளும், யோஸ்ட் தேடிய பொருளும் ஒன்றே எனப் பின்னாளில் அறியப்பட்டது.

அப்பொருளுக்கு இன்று வழங்கும் பெயர் முல்லர் எதிர் ஓமோன் என்பது. இது ஒரு புரதம். கருவின் விதையிலுள்ள ஒருவகைக் கலங்கள் ஏழாம் எட்டாம் வாரங்களிலே இதனைச் சுரக்கத் தொடங்குகின்றன. பத்தாம் வாரமளவில் முல்லர் குழாய்கள் பெரும்பாலும் ஒடுங்கிவிடுகின்றன. இக்கட்டளைக்கு உரிய காலம் மிகக் குறுகியது என்பது கவனிக்கத்தக்கது. அவ்வாரங்கள் கழிந்தபின் எவ்வளவு ஓமோன் சுரந்தாலும் முல்லர் குழாய்கள் அதற்குச் செவிசாய்ப்பதில்லை. பருவம் தப்பிய மழை பயிருக்கு உதவாதவாறு போல, காலம் தப்பிய கட்டளையும் பயனற்றதாகிறது.

இந்த ஓமோனை ஆக்கும் பரம்பரை அலகு 1986இல் பிரித்தெடுக்கப்பட்டது. பிரான்சில் நத்தலி ஜொசோ என்னும் பெண் வைத்தியரும் அவர்தம் குழுவினரும் இவ்வாராய்ச்சியில் முன்னணியில் நின்றவர்கள். அவ்வலகு மனிதரின் பத்தொன்பதாம் நிறமூர்த்தத்திலே உள்ளது. ஆயினும் கட்டளை பிறப்பது மட்டும் போதாது. அதனைக் கேட்கும் செவியும் வேண்டும். முல்லர் குழாயின் கலங்களிலே இந்த ஓமோனை ஏற்கும் ‘ஏற்பி’ என்னும் அமைப்பு உண்டு. அந்த ஏற்பியை ஆக்கும் அலகு பன்னிரண்டாம் நிறமூர்த்தத்திலே இருக்கிறது. இவ்விரண்டில் எது பழுதுபட்டாலும் விளைவு ஒன்றே. ஓமோனை ஆக்கும் அலகிற் பழுது இருப்பின் கட்டளை பிறப்பதில்லை. ஏற்பியின் அலகிற் பழுது இருப்பின் கட்டளை பிறந்தும் கேட்கப்படுவதில்லை. முதல்வகைப் பழுது 1991இலும், இரண்டாம்வகைப் பழுது 1995இலும் இத்தகைய நோயாளரிடம் இனங்காணப்பட்டன. ஆராயப்பட்ட குடும்பங்களுட் பெரும்பாலானவற்றில் இவ்விரு காரணங்களுள் ஒன்றே காணப்பட்டது.

இப்போது, சத்திரவைத்தியரின் மேசையிலுள்ள குழந்தையிடம் மீளலாம். அவனுடைய விதைகள் விதைகளே. அவனுடைய நிறமூர்த்தங்கள் ஆணுக்குரியனவே. தெஸ்தொஸ்தெரோன் குறைவறச் சுரந்தமையால் ஆண்குறியும் ஏனைய வெளியுறுப்புக்களும் முறையாக அமைந்துள்ளன. ஆதலாலேதான் பிறந்தவேளையில் எவருக்கும் ஐயம் எழவில்லை. முதலாம் கட்டளை நிறைவேறியது. இரண்டாம் கட்டளை மட்டும் தவறியது. ஒழிந்திருக்க வேண்டிய கருப்பை ஒழியாது எஞ்சிவிட்டது. இதனை முல்லர் குழாய் நிலைத்திருக்கும் குறைபாடு என வைத்தியர் வழங்குவர்.

எஞ்சிய கருப்பை சும்மா கிடந்தாலும் அதனால் ஒரு தொல்லை உண்டு. விதைகள் அதனோடு பிணைக்கப்பட்டிருப்பதால், அவற்றின் பயணம் தடைப்படுகிறது. பெரும்பாலும் ஒரு விதை கீழிறங்கிவிடும். இறங்கும்போது கருப்பையையும் கருக்குழாயையும் தன்னுடன் இழுத்துக் குடலிறக்கப் பையினுள்ளே கொணரும். மற்றைய விதை வயிற்றினுள்ளேயே நின்றுவிடும். சிலவேளை அந்த மற்றைய விதையும் கூடவே இழுபட்டு, இரண்டு விதைகளும் ஒரே பக்கத்திற் சேர்ந்துவிடும். அப்போது விதைப்பையின் ஒரு புறம் வீங்கியும் மறுபுறம் வெறுமையாயும் காணப்படும். இரு விதைகளும் ஒரே புறம் சேரும் நிலையை 1886இல் லென்ஹொசெக் என்பார் விவரித்தார். இத்தகைய நிலை எல்லாம் இக்குறைபாட்டால் வருவதன்று; ஆயினும் அதனைக் காணும் வைத்தியர் கருப்பை உளதோ எனத் தேடிப்பார்த்தல் முறை. இன்னும் சிலரிடம் இரு விதைகளும் பெண்ணின் சூலகங்கள் இருக்குமிடத்திலே, வயிற்றினுள் தங்கிவிடும். ஆணின் குடலிறக்கத்திற் கருப்பை காணப்படும் நிலைக்குத் தனிப்பெயர் இட்டு 1939இல் நில்சன் என்னும் சத்திரவைத்தியர் எழுதினார்.

கட்டளைகள் இரண்டு என்பதற்குச் சான்றாக, இதற்கு நேர்மாறான நிலையொன்றும் உலகில் உண்டு. சிறுமி ஒருத்தியின் குடலிறக்கத்தைத் திறந்தபோது அதனுள்ளே விதை காணப்படுதல் அந்நிலை. அவளுடைய நிறமூர்த்தங்கள் ஆணுக்குரியன. விதைகள் தெஸ்தொஸ்தெரோனைச் சுரக்கின்றன. ஆனால் அவள் உடலின் கலங்கள் அந்த ஓமோனுக்குச் செவிகொடுப்பதில்லை. ஆகவே வெளியுறுப்புக்கள் முற்றும் பெண்ணுக்குரியனவாய் அமைகின்றன. அதேவேளை முல்லர் எதிர் ஓமோன் தன் பணியைச் செய்துவிட்டமையாற் கருப்பை இல்லை. அமெரிக்க வைத்தியரான ஜோன் மொரிஸ் 1953இல் இத்தகைய 82 பேரின் விவரங்களைத் தொகுத்து எழுதினார். இவர்கள் பெண்களாகவே வளர்ந்து, பெண்களாகவே வாழ்கிறார்கள். ஒரு நிலையில் முதற் கட்டளை கேட்கப்படவில்லை. மற்றைய நிலையில் இரண்டாம் கட்டளை கேட்கப்படவில்லை. இரண்டுமே சிறு குடலிறக்கம் ஒன்றின் மூலம் வெளிப்படக்கூடியவை.

சத்திரசிகிச்சையின்போது எதிர்பாராது கருப்பையைக் கண்ட வைத்தியர் செய்ய வேண்டியது யாது? இங்கேதான் பிள்ளையின் எதிர்காலம் தங்கியிருக்கிறது. “ஆண் உடலிற் கருப்பை எதற்கு? வெட்டி அகற்றிவிடலாம்” என்று எண்ணுதல் இயல்பே. ஆயினும் அந்த அவசரம் பெருங்கேடு விளைக்கக்கூடும். விந்தைக் கொண்டுசெல்லும் குழாய், இத்தகைய உடலில், கருப்பையின் சுவரை ஒட்டியும் சிலவிடங்களில் அச்சுவரினுள்ளே புதைந்தும் செல்கிறது. விதைக்குச் செல்லும் நுண்ணிய குருதிக்குழாய்களும் அவ்விடத்தே உள்ளன. கருப்பையை முழுதாக வெட்டியெடுக்கும் கத்தி, அவன் தந்தையாகும் வாய்ப்பையும் சேர்த்தே வெட்டிவிடலாம். வயிற்றினுள் இருக்கும் விதையைச் சூலகம் என மயங்கி அகற்றிவிடுதல் அதனினும் கொடிது.

ஆதலால், முன்னறிவின்றி இந்நிலையைக் கண்ட வைத்தியர் பொறுமை காத்தலே சிறந்தது என்பது இத்துறையினர் கருத்து. விதையிலிருந்து மிகச்சிறு துணுக்கு ஒன்றைப் பரிசோதனைக்கு எடுத்து, உறுப்புக்களைப் பாதுகாப்பாக உள்ளே வைத்து, குடலிறக்கத்தை மூடிவிடலாம். பின்னர் அமைதியாக ஆராயலாம். நிறமூர்த்தப் பரிசோதனையால் அவை ஆணுக்குரியன என்பது உறுதியாகும். விதைத் திசுவும் சூலகத் திசுவும் கலந்திருக்கும் பிற அரிய நிலைகள் அல்ல என்பதும் தெளிவாகும். குருதியிலே முல்லர் எதிர் ஓமோனின் அளவைப் பார்த்தால் காரணமும் புலப்படும். அது மிகக் குறைந்திருந்தால் பழுது ஓமோனின் அலகில்; இயல்பான அளவில் இருந்தால் பழுது பெரும்பாலும் ஏற்பியில். சிறுவயதில் இந்த ஓமோன் ஆண் குழந்தைகளின் குருதியிலே மிகுதியாக இருப்பதாற் சோதனை எளிது. பூப்புப் பருவத்தின்பின் அதன் அளவு இயல்பாகவே வீழ்ந்துவிடும்.

இவ்வளவும் தெரிந்தபின் இரண்டாவது சத்திரசிகிச்சை திட்டமிட்டுச் செய்யப்படும். சிறு துளையினூடே வயிற்றினுள் நோக்கும் கருவி இப்போது பயன்படுவதால், உள்ளே எது எங்கே இருக்கிறது என்பதைப் பெரிதாக வெட்டாமலே காணலாம். விதைகளை விதைப்பையிற் சேர்த்தலே இச்சிகிச்சையின் தலையாய நோக்கம். அதற்குத் தடையாக நிற்கும் கருப்பையை நடுவே பிளந்து, விந்துக்குழாய் செல்லும் பட்டையை இருபுறமும் விட்டுவைத்து, விதைகளைக் கீழே இறக்குவர். எஞ்சிய கருப்பைப் பகுதியை எவ்வளவு அகற்றுவது என்பதில் வைத்தியரிடையே கருத்து வேற்றுமை உண்டு. அப்பகுதியிற் புற்றுநோய் தோன்றிய சில அரிய நிகழ்ச்சிகளைக் காட்டி, இயன்றவரை அகற்றுக என்பார் சிலர்; விந்துக்குழாயைக் காப்பதே முதன்மை என்பார் வேறு சிலர். இருசாராரும் உடன்படும் செய்தி ஒன்று உண்டு: விதைகள் கைக்கு எட்டுமிடத்தில் இருத்தல் வேண்டும்.

அதற்குக் காரணம் தெளிவானது. இறங்காத விதையிலே பிற்காலத்திற் புற்றுநோய் தோன்றும் வாய்ப்பு, இறங்கிய விதையிலும் பார்க்கச் சில மடங்கு அதிகம். இது இக்குறைபாடு உள்ளவருக்கு மட்டுமன்றி, விதை இறங்காத எல்லா ஆண்களுக்கும் பொருந்தும். பூப்புப் பருவத்துக்கு முன் விதையை இறக்கிவைத்தால் அவ்வாய்ப்புக் குறைகிறது. அன்றியும், விதைப்பையில் இருக்கும் விதையிற் கட்டி தோன்றினால் கையால் தடவியே அறிந்துகொள்ளலாம். வயிற்றினுள் இருக்கும் விதையின் நோய் முற்றும்வரை மறைந்தே கிடக்கும். இக்குறைபாட்டிலே விதைகள் உறுதியாகப் பொருந்தியிராது தளர்ந்திருப்பதால், அவை முறுக்கிக்கொண்டு குருதியோட்டம் தடைப்படும் ஆபத்தும் உண்டு.

பிள்ளையின் பிற்காலம் எவ்வாறு இருக்கும்? பருவம் வந்ததும் மீசை அரும்பும், குரல் உடையும், ஏனைய இளைஞரைப்போலவே அவனும் வளர்வான். இல்லறத்துக்கு வேண்டிய ஆண்மைக்கு இதனாற் குறைவு வருவதில்லை. மகப்பேறு மட்டுமே ஐயத்துக்குரியது. விதைகள் நெடுங்காலம் வயிற்றின் வெப்பத்திற் கிடந்தமையாலோ, விந்துக்குழாய் விதையோடு செவ்வையாக இணையாமையாலோ பலருக்குப் பிள்ளைப்பேறு வாய்ப்பதில்லை. எனினும் இக்குறைபாடு உள்ளவருட் சிலர் தந்தையராகியிருக்கின்றனர் என்பது வைத்திய ஏடுகளிற் பதிவாகியுள்ளது. காலந்தாழ்த்தாது விதைகளை இறக்கி, விந்துக்குழாயைக் காத்தவிடத்து அந்த நம்பிக்கைக்கு இடமுண்டு. மாறாக, குழந்தைப்பருவத்திற் கவனிப்பாரற்று, மணமாகிப் பல்லாண்டு மகப்பேறின்றி வைத்தியரை நாடியபோதோ, நடுத்தர வயதிற் குடலிறக்கத்துக்குச் சத்திரசிகிச்சை செய்தபோதோ முதன்முறையாக உண்மையை அறிந்தவர்களும் உளர்.

இக்குறைபாடு தாய் செய்த பிழையால் வந்ததன்று. கருவுற்ற காலத்தில் உண்ட உணவாலோ, கண்ட காட்சியாலோ, கிரகணத்தாலோ வந்ததுமன்று. ஒவ்வொருவரிடத்தும் பரம்பரை அலகுகள் இரட்டையாக இருக்கின்றன. ஒன்று தாய் தந்தது, மற்றொன்று தந்தை தந்தது. ஒன்று பழுதாயினும் மற்றது வேலை செய்யும். தாயும் தந்தையும் தாம் சுகமாயிருந்துகொண்டே, ஆளுக்கொரு பழுதான அலகைச் சுமந்து, அவ்விரண்டும் ஒரே மகனிடம் சேர்ந்தால் மட்டுமே குறைபாடு தோன்றும். நெருங்கிய உறவினருக்குள் மணம் செய்வோரிடையே ஒரே முன்னோரின் பழுதான அலகு இருபுறமும் இருக்கும் வாய்ப்பு அதிகம். மாமன் மகளையும் அத்தை மகளையும் மணக்கும் வழக்கமுள்ள தமிழ்க் குடும்பங்கள் இதனை மனத்திற் கொள்ளுதல் நன்று. ஒரு மகனிடம் இக்குறைபாடு கண்டறியப்பட்டால், அவன் சகோதரர்களையும் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

ஆண் குழந்தையைப் பெற்றோர் கைக்கொள்ளத்தக்கவை சில உண்டு. கவட்டிலே வந்து மறையும் வீக்கத்தைத் துணியால் இறுகக் கட்டியும், காசு வைத்து அமுக்கியும் மாற்றிவிடலாம் என எண்ணுதல் தவறு. தொப்புளிலே தோன்றும் வீக்கம் பெரும்பாலும் நாலைந்து வயதுக்குள் தானே அடங்கிவிடும். அதனைக் கண்டு பழகியோர் கவட்டு வீக்கமும் அவ்வாறே அடங்கும் எனக் காத்திருப்பதுண்டு. கவட்டு வீக்கம் தானே அடங்காது. அதற்குச் சத்திரசிகிச்சையே மருந்து. வீக்கம் உள்ளே போகாது கடினமாகி, குழந்தை வீரிட்டழுது, வாந்தியும் எடுக்குமாயின், குடல் சிக்கிக்கொண்டது என்பதற்கு அது அறிகுறி. ஒரு நாழிகையும் தாமதியாது வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். அவ்வாறே, குழந்தையின் விதைப்பையில் இரு விதைகளும் உளவோ என்று பார்த்தல் வேண்டும். ஆறு மாதமாகியும் இறங்காத விதை இனித் தானாக இறங்குதல் அரிது. ஒன்றரை வயதுக்குள் அதற்குரிய சத்திரசிகிச்சை முடிந்துவிடுதல் நலம். ஒருபுறம் குடலிறக்கம், மறுபுறம் வெறுமை என இரண்டும் சேர்ந்து காணப்படின், அதனைத் தவறாது வைத்தியரிடம் எடுத்துரைக்க வேண்டும். அவர் முன்கூட்டியே ஸ்கான் எடுத்துப் பார்த்து ஆயத்தமாகலாம்.

இறுதியாக, உண்மையை அறிந்த குடும்பம் அதனை என் செய்வது? அயலாருக்கு அறிவிக்க வேண்டிய கடமை எவருக்கும் இல்லை. ஆனால் பிள்ளைக்கு மறைத்தல் வேறு. தன் உடலிலே என்ன செய்யப்பட்டது, பிற்காலத்தில் ஏன் வைத்தியரிடம் காட்டிக்கொள்ள வேண்டும் என்பவற்றை அறியாது வளர்பவன், கட்டியொன்று தோன்றினாலும் அதன் பொருளை உணரான். வயதுக்கேற்ற சொற்களிலே, படிப்படியாக, வெட்கத்துக்கு இடமின்றி அவனுக்கு எடுத்துரைத்தல் பெற்றோரின் கடமை. சத்திரசிகிச்சை பற்றிய வைத்தியக் குறிப்புக்களைப் பேணிவைத்து, உரிய வயதில் அவன் கையிலே கொடுத்தலும் அக்கடமையின் ஒரு கூறு.

மனித உடலை ஆக்குவதற்குக் கருவிலே எண்ணற்ற கட்டளைகள் உரிய நாளில், உரிய இடத்தில் சென்று சேர வேண்டியிருக்கின்றன. அவற்றுள் ஒன்று தவறியதனால் ஒருவன் ஆண்மகன் அல்லாதவனாகிவிடுவதில்லை. கருவில் தவறிய அந்தக் கட்டளையை எவரும் மீண்டும் அனுப்ப முடியாது. ஆயினும் அத்தவறின் விளைவைச் செப்பனிட முடியும். வீக்கத்தைக் கண்டவுடன் வைத்தியரை நாடும் தாயின் விழிப்பும், எதிர்பாராததைக் கண்டு கத்தியைத் தாழ்த்திவைக்கும் சத்திரவைத்தியரின் பொறுமையும் சேருமிடத்து, அப்பிள்ளை நலமே வளர்ந்து வாழ்வான்.